கந்தையும் காந்தாவும்

கார்த்திகைத் தீபம் ஏற்றிய கையோடு கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஓசை தெருத்தெருவாகக் கேட்கத் தொடங்கிவிடும். வில் போன்ற கருவியைத் தோளிற் சுமந்து, அதன் நரம்பைச் சுண்டிக்கொண்டு, பஞ்சு கொட்டுபவர் வருவார். வங்காளிகள் அவரைத் 'துனுரி' என்பர். பழைய பஞ்சைக் கொட்டிப் பொங்கவைத்து, அவர் தைத்துத் தரும் தடித்த போர்வைக்கு 'லேப்' என்று பெயர். வங்காள-நாகபுரி ரயில்வேயின் காலந்தொட்டு இவ்வூரில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வோசை புதிதன்று.

ஆனால் நாம் இங்கே சொல்லப் புகுந்தது காசு கொடுத்து வாங்கும் லேப்பைப் பற்றியன்று. பஞ்சே இல்லாமல், பழஞ்சேலைகளை அடுக்கி வீட்டிலேயே தைக்கும் காந்தாவைப் பற்றி. அதைத் தைக்கப் புகுந்து நாங்கள் பட்ட பாட்டையும் பெற்ற இன்பத்தையும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே நோக்கம். 'நாங்கள்' என்றால் எழுத்தர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், பள்ளி செல்லும் மகள் ஒருத்தி. தவறுகளுக்கு மட்டும் மூத்தவர் இருவரே பொறுப்பு.

நாம் வழங்கும் 'கந்தை' என்ற சொல்லும் வங்காளியரின் 'காந்தா'வும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை என்பர். உடுத்து உடுத்து மெலிந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு ஒன்றாக்குவது அவர்கள் வழக்கம். நடுவில் தாமரை, மூலைகளில் மரம் அல்லது கொடி என்று பூவேலையும் செய்வர். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட கதைக் கவிதையில், பிரிந்து சென்ற கணவனை நினைத்துத் தன் வாழ்வையே ஒரு காந்தாவில் தைத்துவைக்கும் பெண்ணைப் பாடியிருக்கிறார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963-இல் திறக்கப்பெற்ற குருசதய அருங்காட்சியகத்தின் சேகரத்தில், மானதாசுந்தரி தாசி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த காந்தா புகழ்பெற்றது.

தந்தைக்காக மகள் தைத்தது அது. எங்கள் வீட்டுக் காந்தா, தாயின் சேலைகளால் ஆனது.

எங்கள் அன்னையார் 2021-ஆம் ஆண்டு ஆவணியில் மதுரையில் காலமானார். காரியங்கள் முடிந்து திரும்பியபோது அவருடைய பழஞ்சேலைகள் நான்கை ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். கரும்பச்சைச் சுங்குடி ஒன்று, வெளிர்மஞ்சள் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று, வெளுத்துப்போன கைத்தறிச் சேலைகள் இரண்டு. உடுத்தவும் முடியாது, எறியவும் மனம் வராது. ஓராண்டுக்கு மேலாகப் பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

அடுத்த வீட்டு மாசிமா காலஞ்சென்ற ரயில்வே கார்டு ஒருவரின் துணைவியார். 2022 கார்த்திகையில் அவர்தாம், "பெட்டியில் வைத்தால் பூச்சி தின்னும், காந்தா தைத்தால் பிள்ளை போர்த்திக்கொள்ளும்" என்றார். நம் ஊரிலும் பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழஞ்சேலையில்தானே தூளி கட்டுகிறோம்? சரியென்று பட்டது.

கத்தரியைக் கையில் எடுத்தபோதுதான் கை நடுங்கியது. எங்களில் எழுத்தர், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் இல்லத்தரசியே துணிந்து வெட்டினார். ஒவ்வொரு சேலையையும் குறுக்கே இரண்டாக வெட்டி, இரு பகுதிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் இருவர் தாராளமாகப் போர்த்தும் அகலம் வரும். அப்படி நான்கு அடுக்கு. மேலே சுங்குடி, அடியில் சின்னாளப்பட்டி, இடையில் மற்றவை.

முதல் தவறு அன்றே நேர்ந்தது. அடுக்குகளைத் தரையில் விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவி, நெடுக இழையோட்டி நிறுத்திய பிறகே தையலைத் தொடங்க வேண்டும் என்று மாசிமா சொல்லியிருந்தார். அவசரத்தில் இழையோட்டாமல் ஓரத்திலிருந்தே தைத்துக்கொண்டு போனோம். இருபது வரிசை முடிந்தபோது நடுவில் துணி புற்றுப் போலப் புடைத்து நின்றது. இருபது வரிசையையும் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிக்கும் வேலை எழுத்தருடையது. அலுவலகத்தில் பிழையாகப் பதிந்ததை அடித்துத் திருத்திப் பழகிய கை அல்லவா!

மறுபடியும் முறையாக விரித்தோம். அம்மிக்குழவியும் நான்கு செங்கல்லும் பாரமாயின. இம்முறை பூவேலையை நடுவில் தொடங்க எண்ணி, தாமரை ஒன்றை வரைந்து பார்த்தோம். அது முட்டைக்கோசாக வந்தது. மனம் சோர்ந்திருந்த வேளையில் மகள் சுங்குடியின் வெண்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, புள்ளி வைத்தே இருக்கிறது, கோலம் போடலாமே!" என்றாள். பாட்டி மார்கழியில் வாசலில் இட்ட கோலம் நினைவுக்கு வர, அன்றிரவே சிக்குக்கோலத்தைத் தையலாக ஓட்டத் தொடங்கினார் இல்லத்தரசி. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய புள்ளிகள் ஆதலின் வரிசை சற்றே கோணும். கோலமும் கூடவே கோணியது. நடுவில் இணைப்பு ஓடிய இடத்தில் இரு பக்கப் புள்ளிகளும் நேர்படவில்லை. ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோலம் இட்டு, இணைப்பின் மேல் மகளின் விருப்பப்படி ஒரு தண்டவாளம் தைத்தோம். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இரவுகள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை.

ஏற்றத்திற்குப் பின் இறக்கமும் வந்தது. சேலைக் கரையிலிருந்து உருவிய நூல் நைந்து அறுந்ததால், கோலத்திற்குக் கடைத்தெருவில் மலிவான சிவப்பு நூல் வாங்கியிருந்தோம். 2023 சித்திரையில் ஒருநாள் அதன்மேல் ரசம் சிந்தியது. சோப்பு நீரில் நனைத்தோம். ரசக்கறை போயிற்று, நூலின் சாயம் இறங்கி, அடிப்புறத்து வெளிர்மஞ்சளில் சிவப்பாகப் படர்ந்துவிட்டது. எத்தனை முறை தண்ணீரில் அலசியும் முழுதும் நீங்கவில்லை.

அதைவிடப் பெரிய கறை ஒன்று மனத்தில் விழுந்தது. தைத்த அழகைக் காட்ட எண்ணி மதுரையிலுள்ள தங்கைக்கு அலைபேசியிற் படம் அனுப்பியிருந்தோம். "அம்மா சேலையை வெட்டிவிட்டீர்களா? எனக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதன்பின் பேச்சில்லை. அவள் கேட்டது நியாயம். நான்கு சேலையில் இரண்டாவது அவளுக்கு உரியவை. காந்தாவை மடித்து அலமாரியில் வைத்தோம். நேரமில்லை என்று அயலாரிடம் சொன்னோம். உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் அது வெளியே வரவில்லை.

அவ்வாண்டு மார்கழியில், அரையாண்டு விடுமுறைக்குத் தங்கை பிள்ளைகளோடு வந்தாள். நாங்கள்தாம் பலமுறை வேண்டி அழைத்திருந்தோம். வந்த இரண்டாம் நாள் அவளே, "எங்கே அது?" என்றாள். விரித்துக் காட்டினோம். கோலத்தைத் தடவிப் பார்த்தாள். அடிப்புறத்தைத் திருப்பியதும் எங்கள் நெஞ்சு படபடத்தது. அவளோ சிவந்த திட்டைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீரும் வந்தது. "அம்மா சேலையில வெத்தலைக் கறை இல்லாத நாள் உண்டா மதினி? அப்படியே கிடக்கட்டும்" என்றாள். ஊசியை வாங்கி அன்றிரவு ஒரு வரிசை தைத்தாள். ஊருக்குத் திரும்புமுன் ஏழு வரிசை முடித்திருந்தாள். அவளுடைய தையல் சற்று நெருக்கமானது. இன்றும் அந்த ஏழு வரிசையைத் தனியே இனங்காணலாம்.

2024 பங்குனியில் காந்தா முடிந்தது. எழுத்தரின் குறிப்பேட்டுக் கணக்குப்படி மொத்தம் பதினாறு மாதம். அதில் எட்டு மாதம் அலமாரி. ஆண்டுக்கு ஓர் இல்லமாக, மதுரையும் கரக்பூரும் அதை மாறிமாறி வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

நம் இல்லங்கள் பலவற்றிலும் இப்படியொரு பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கும். தைக்க முற்படுவோர்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். இழையோட்டும் வேலையைச் சுருக்காதீர்கள். தையலை நடுவிலிருந்து தொடங்கி வெளியே செல்லுங்கள். வண்ண நூலை முதலில் வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஓர் இரவுக்கு ஒரு வரிசை போதும். கை சோர்ந்தால் நிறுத்தலாம். ஆனால் கண்ணில் படாத இடத்தில் மடித்து வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, கத்தரியை எடுக்குமுன் உடன்பிறந்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிழையாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். வெட்டிய துணி வெட்டியதுதான்.

இவ்வாண்டு அது மதுரையில் இருக்கிறது. இங்கே துனுரியின் வில்லோசை கேட்கத் தொடங்கிவிட்டது. எங்கள் மகள் தன் சிறுவயதுப் பாவாடைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்கிறாள்.