அளகும் அரிசித் தவிடும்

பறவைகளின் பெண்பாலைப் பேடை என்றும் பெடை என்றும் பொதுவாக வழங்கலாம். அளகு என்னும் பெயரையோ, கோழிக்கும் கூகைக்கும் உரியதாக ஒதுக்கி, பின் மயிலுக்கும் சிறிது இடங்கொடுத்தார் தொல்காப்பியர். மரபியலைப் பாடஞ்சொல்லும் ஒவ்வோராண்டும் இந்த இடத்தில் மாணவர் சிரிப்பர். கூகையும் மயிலும் ஒரே பெயருக்குப் பங்காளிகளாவது அவர்களுக்கு வேடிக்கை. இப்படிப் பல்லாண்டு சொல்லிச் சொல்லிப் பழகிய நாவுடையேன், எம் வீட்டுச் செந்நிறப் பேட்டுக்கு அளகு என்று பெயரிட்டதில் வியப்பில்லை. என் மனைவியும் அப்பெயரையே சொல்லி அழைத்து வந்தாள். அவள் யாழ்ப்பாணத்தவள், ழகரமும் ளகரமும் அவள் நாவில் ஒன்றே. அவள் அழைத்து வந்தது அளகையன்று, அழகை என்பதைச் சென்ற ஐப்பசியிலேதான் அறிந்தேன். மகளின் பேறுகாலத்துக்கென ஊர் சென்றிருந்தவள் கைப்பேசியில் எழுதி அனுப்பிய முதற் செய்தி, “அழகுக்குச் சாப்பாடு வைத்தீங்களா?” என்பது.

வைத்தேன், நாள் தவறாமல் வைத்தேன். வந்த வினையெல்லாம் அந்தச் சாப்பாட்டினால் வந்ததே.

கட்டுகஸ்தோட்டையில் அவ்வாண்டு மழை விட்டபாடில்லை. அடுத்த வளவு ஆச்சியின் குஞ்சுகள் இரண்டைக் கீரி கொண்டுபோயிற்று. மனைவி திரும்பி வரும்வரை அவள் கோழியைப் பத்திரமாக ஒப்புவிக்க வேண்டுமே என்ற அச்சத்தால் அளகைக் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தேன். அடுப்படியில் தவிட்டுக்கென ஒரு தகரம் இருந்தது. முதல் வாரத்திலே அது வெறுமையாயிற்று. வாங்க வேண்டும் என்று எண்ணினேன், வாங்கவில்லை. எனக்கென ஆக்கிய வெள்ளைப் பச்சையரிசிச் சோற்றில் ஒரு பிடியைக் காலையும் மாலையும் இட்டு வந்தேன். எசமான் உண்பதையே தானும் உண்ணும் பேறு எத்தனை கோழிகளுக்கு வாய்க்கும் என்ற இறுமாப்பும் எனக்கிருந்தது.

நான்காம் வாரத்தில் ஒரு மாலை பாடசாலையிலிருந்து வந்து பார்க்கிறேன், காலையில் இட்ட சோறு இட்டபடியே கிடக்கிறது. அளகு இரு கால்களையும் மடக்கி, கணுக்கால்மீது குந்தியிருந்தது. தலை பின்புறமாக வளைந்து முதுகைத் தொட, அலகு வானத்தை நோக்கியிருந்தது. விண்மீன்களை எண்ணுவதுபோன்ற அந்த இருக்கையைக் கண்டவர் மறக்க மாட்டார். தூக்கி நிறுத்தினேன், பக்கவாட்டில் சாய்ந்தது.

என் நெஞ்சில் உடனே தோன்றிய பெயர் இராணிக்கெட். கோழி வளர்க்கும் வீடுகளில் இப்பெயரைக் கேட்டு நடுங்காதார் இலர். 1926 ஆம் ஆண்டில் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டு, பின் இமயச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் நம் பக்கத்தில் வழங்கும் இந்நோய் ஒரு வைரசினால் வருவது. மூச்சுத் திணறலும் பச்சைநிறக் கழிச்சலும் காணும், கழுத்து முறுகும், கால் வழங்காது. வந்தபின் மருந்தில்லை, வராமற் காக்கத் தடுப்பு மருந்துண்டு. ஒரு கோழிக்கு வந்தால் அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் பரவும்.

அக்கம்பக்கம் என்றால் எங்களுக்கு ஆச்சியின் வளவுதான். அவர் சிங்களப் பெண்மணி, எழுபதைக் கடந்தவர், தனித்து வாழ்பவர். ஆச்சி என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருப்பதால் எங்களுக்குள் அழைப்பதில் இடர்ப்பாடில்லை. அவர் என்னை ‘இஸ்கோல மஹத்தயா’ என்பார். பதினொரு கோழிகள் அவருக்கு. முட்டைகளைச் சந்திக் கடைக்குக் கொடுத்து வருவதே அவரது கைச்செலவு. பகலெல்லாம் அக்கோழிகள் வேலியின் கீழாக எம் முற்றத்துக்கு வந்து கூட்டைச் சுற்றிக் கிளைத்துப் போகும்.

அன்றைக்கே வேலியருகே சென்று, “ஆச்சி, உங்கள் கோழிகளை அடைத்து வையுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இருட்டிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் நாணம். அதனோடு, அவர் வாயிலாக மனைவிக்குச் செய்தி போய்விடுமே என்ற அச்சமும். கூட்டைத் தூக்கி அடுப்படிக்குள் ஒளித்துவைத்தேன். வகுப்பறையில் வாய்மையைப் பற்றி எத்தனை மணிநேரம் பேசியிருப்பேன்!

அன்றிரவு எனக்குத் தெரிந்த கைம்மருந்தெல்லாம் பார்த்தேன். சின்ன வெங்காயத்தையும் மிளகையும் அரைத்து உருட்டிக் கொடுத்தேன், விழுங்கவில்லை. மஞ்சள்நீர் கொடுத்தேன், ஒழுகிற்று. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்தேன். இரவு முழுதும் அந்த அலகு கூரையை நோக்கியே இருந்தது.

விடிந்ததும் ஆச்சியே வேலியருகே வந்து கூட்டைக் காணவில்லையே என்று வினவினார். அதற்குமேல் மறைக்க இயலவில்லை, சொன்னேன். அடுப்படிக்குள் வந்து குனிந்து பார்த்தார். “பாவம், நெகிட்டின்ன பெரி” என்றார். எழும்ப முடியவில்லை என்பது பொருள். பின் நிமிர்ந்து, “நேற்றே சொல்லியிருக்கலாமே, மஹத்தயா” என்றார். குரலில் சினமில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். விரைந்து சென்று தம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடைக்கலானார்.

நான் அளகைக் கூடையிலிட்டு முச்சக்கர வண்டியொன்றில் பேராதனைக்குப் புறப்பட்டேன். 1952 இல் அங்கு குடிபுகுந்த பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்க் கருத்தரங்குகளுக்காகப் பலமுறை சென்றுள்ளேன். கையிற் கோழிக்கூடையோடு சென்றது அதுவே முதன்முறை. இலங்கையிலுள்ள ஒரே கால்நடை மருத்துவ பீடம் அங்குதான் இருக்கிறது. அதனைச் சார்ந்து விலங்கு மருத்துவமனையும் உண்டு. நாய்களும் பூனைகளும் காத்திருந்த வரிசையில் என் கூடையும் அமர்ந்தது.

இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். வேறு கோழிகளுக்கு நோயுண்டா? கழிச்சல் பச்சையா? மூச்சு இழுக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தீனி என்ன என்றார். “நல்ல வெள்ளைச் சோறு, நான் உண்பதே” என்றேன், சிறிது பெருமையோடு. “வேறு?” என்றார். வேறொன்றுமில்லை. “எத்தனை நாளாக?” மூன்று வாரத்துக்கு மேல் என்றேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு முறுவலித்தார்.

தீட்டிய அரிசியில் விற்றமின் பீ1 அருகிவிடுகிறது. அச்சத்து இருப்பது தவிட்டிலும் முளையிலும். அஃதில்லாத தீனியை உண்ணும் வளர்ந்த கோழிக்கு ஏறக்குறைய மூன்று வாரத்தில் நரம்பு தளரும். முதலில் பசி கெடும், பின் கால் வழங்காது, தலை பின்னே மடியும். வெளியே திரிந்திருந்தால் புழுவும் பூச்சியும் புல்விதையும் தின்று தப்பியிருக்கும். நான் அடைத்தும் வைத்தேன். “இதுவா, இராணிக்கெட்டா என்பதை ஊசியே சொல்லிவிடும். சத்துக்குறை என்றால் விரைவில் தலை நிமிரும். ஆனாலும் இரண்டு வாரம் தனியே வையுங்கள், அயல் வீட்டுக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்தும் இடச் சொல்லுங்கள்” என்று சொல்லி, நெஞ்சுத் தசையில் ஊசி போட்டுக் குளிகைகளும் தந்தார்.

இந்த நோய்க்கும் யாவாவுக்கும் ஒரு பழந்தொடர்புண்டு. அதனை வீடு திரும்பியபின் தேடிப் படித்தேன். பெரிபெரி என்னும் நோயால் படைவீரரும் சிறைக்கைதிகளும் கால் வழங்காது மாண்ட காலத்தில், 1886 இல் ஒல்லாந்த அரசு ஓர் ஆய்வுக் குழுவைப் பத்தாவியாவுக்கு அனுப்பிற்று. அந்நகரே இன்றைய யகார்த்தா. அக்குழுவோடு சென்று, அங்கேயே தங்கி ஆராய்ந்தவர் கிறித்தியான் ஐக்மன். நோய்க்கிருமியைத் தேடுவதே அவர் நோக்கம். ஆய்வுக்கென வளர்த்த கோழிகள் தாமே கால் தளர்ந்து விழலாயின. சில மாதங்களின்பின் தாமே குணமாயின. விசாரித்தபோது சமையற்காரன் கதை வெளிவந்தது. படை மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரன், படையாளர் அரிசியைப் படையிற் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டான். மலிவான, தவிடு நீங்கா அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்தன. அந்தச் சமையற்காரனின் கட்டுப்பெட்டித்தனத்துக்கு மருத்துவ உலகம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது. அவன் பெயரைத்தான் எங்கும் காணேன். ஐக்மனோ, சோற்றில் நஞ்சுண்டு, தவிட்டில் அதற்கு மாற்றுண்டு என்றே நெடுங்காலம் எண்ணினார். நஞ்சன்று, குறையே நோய் என்று 1901 இல் தெளிவாக உரைத்தவர் அவருக்குப்பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரெயின்ஸ். நொபெல் பரிசு 1929 இல் ஐக்மனுக்கும் ஆங்கிலேயரான ஹொப்கின்ஸுக்கும் கிடைத்தது.

பெரிபெரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சிங்களத்திலிருந்து என்பர் சொல்லாய்வாளர். பெரி என்றால் இயலாது. அதனை அடுக்கிச் சொன்னால் இயலாது, இயலாது. ஆச்சி என் அடுப்படியில் குனிந்துநின்று உரைத்த சொல்லே நோயின் பெயர்! ஊசி போடுமுன்னே நோயின் பெயர் என் காதில் விழுந்துவிட்டது. சொல்லாராய்ச்சியில் முப்பதாண்டு கழித்தவனுக்கு அது விளங்கவில்லை.

தவிட்டை நாம் மதித்ததுமில்லை. தவிடு தின்னும் அரசனுக்கு முறம் பிடிக்கும் மந்திரி என்று எள்ளினோம். பட்டினப்பாலையில் உலரவிட்ட தானியத்தைக் கவர வந்த கோழியை மகளிர் காதுக்குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். செல்வச் சிறப்பு என்று உரைப்போம். அந்தக் கோழிக்குத் தவிட்டுக்குறை இருந்திராது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கலரிசியிலும் அச்சத்து உள்ளிறங்கிப் பெரிதும் தங்கிவிடுமாம். என் தாயார் வீட்டில் வேறு சோறு கண்டதில்லை.

அன்று மாலையே தலை சிறிது நிமிர்ந்தது. மூன்று நாள் கூடையில் சாக்கை விரித்து, இருபுறமும் பழந்துணியைச் சுருட்டி அணைகொடுத்து வைத்தேன். குளிகையைப் பொடித்து நீரிற் கரைத்து, அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டேன். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால், வாயைத் திறந்து ஊற்றினால் நீர் மூச்சுக்குள் போய்விடும். முதல்நாள் இரவு மஞ்சள்நீரை ஊற்றியபோது கொல்லாமல் விட்டது என் கெட்டித்தனத்தாலன்று. நான்காம் நாள் எழுந்து நின்றது. ஆறாம் நாள் தவிட்டுக் குழையலை என் விரலோடு சேர்த்துக் கொத்திற்று.

ஆச்சியின் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து இட்ட நாளில், பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தவன் நானே. ஒரு கோழிக்கு ஒரு துளி, கண்ணில். மேற்சட்டையெல்லாம் கோழி எச்சம். முடிந்ததும் ஆச்சி எனக்குத் தேநீர் தந்தார். கூடவே சிறு பை நிறையச் சிவப்பரிசித் தவிடு. அதைப்பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்கழியில் மனைவி வந்தாள். பேரனின் படங்களைக் காட்டுமுன் கூட்டருகே போய் நின்று, “என்னப்பா, அழகு மெலிஞ்சு போனாள்?” என்றாள். மழை என்றேன். தவிட்டுத் தகரத்தைத் திறந்து பார்த்து, அது நிறைந்திருக்கக் கண்டு மேலே கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பத்திரிகை வந்ததும் அவள் முதலில் விரிப்பது இந்தப் பக்கத்தைத்தான்.