போக்குவரத்துப் படி: சான்றிதழோடு வழியையும் பாருங்கள்

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான போக்குவரத்துப் படிக்கும் பாதுகாவலர் படிக்கும் பெயர்ப் பட்டியல் கேட்டு வட்டார வள மையத்திலிருந்து கடிதம் வந்ததும், நாம் முதலில் தேடுவது சான்றிதழில் உள்ள சதவீதத்தைத்தான். எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளாக இந்தப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அந்த எண் குறைபாட்டை அளக்கிறது. வீட்டிலிருந்து வகுப்பறை வரை உள்ள வழியை அது அளப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறைபாட்டோடு சுற்றியுள்ள தடைகளையும் சேர்த்தே மாற்றுத்திறனாளி யார் என்று சொல்கிறது. அதன் 16ஆம் பிரிவு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும், அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தைகளின் உதவியாளர்களுக்கும் போக்குவரத்து வசதி தரப்பட வேண்டும் என்கிறது. திட்டம் கேட்கும் சான்றுகளை இணைத்தே ஆக வேண்டும். அதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.

அடிக்கடி விடுபடுபவர்கள், "நன்றாகத்தானே நடக்கிறான்" என்று சொல்லப்படும் பிள்ளைகள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை இரண்டு கிலோமீட்டர்கூட நடந்துவிடும். நடுவில் நெடுஞ்சாலை இருந்தால் தனியே கடக்க முடியாது. பார்வைக் குறைவுள்ள மாணவி காலையில் எளிதாக வந்துவிடுவாள். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டும் நேரத்தில் தடுமாறுவாள். பேருந்துப் படியில் ஏற முடியாத பிள்ளைக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை இருந்தும் பயனில்லை.

எனக்குப் பெரிதும் உதவுவது வருகைப் பதிவேடுதான். விடுப்பு நாள்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். மழை நாள்களில் மட்டும் வராத பிள்ளை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வாரங்களில் வராத பிள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபடும். அழைத்து வருபவர் இழக்கும் கூலியைப் பெற்றோர் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். ஒரு நாள் பள்ளி விட்டதும் பிள்ளையோடு வீடுவரை நடந்து போய் வந்தால் மீதியும் தெரிந்துவிடும். (சான்று காட்டுவதற்காகப் பிள்ளையை எல்லார் முன்னும் நடக்கச் சொல்வது வேண்டாம். அது மதிப்பீடே அல்ல.)

சென்ற ஆண்டின் பட்டியலை அப்படியே நகலெடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. தசைச்சிதைவு நோயுள்ள சிறுவன் ஜூனில் நடந்து வருவான். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாமல் போகலாம். அத்தகைய பிள்ளைகளைச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் ஆண்டின் நடுவில் இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

பரிந்துரைக் குறிப்பில் "கால் பாதிப்பு, 45 சதவீதம்" என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு எதுவும் விளங்காது. நான் இப்படி எழுதுகிறேன்: "வீடு 800 மீட்டர் தொலைவில். காலிப்பருடன் 200 மீட்டர் நடப்பார், பிறகு உட்கார வேண்டும். வழியில் வாய்க்கால் பாலம், கைப்பிடி இல்லை. பாட்டி அழைத்து வருகிறார், தூக்க இயலாது. இந்தப் பருவத்தில் 14 நாள் விடுப்பு."