நான்காவது போட்டி வயிற்றுக்குள்ளே

அயர்ன்மேன் 70.3 என்கிற போட்டி எவ்வளவு நீளம் என்று ஆலங்குளத்துக்காரருக்குச் சொல்ல உலக வரைபடம் தேவையில்லை. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்.) மதுரையில் சைக்கிள் ஏறி ராஜபாளையத்தில் வந்து இறங்கினால் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். போட்டியில் அது 90. இறங்கியதும் செருப்பைக்கூடத் தேடாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தால், ஓட வேண்டிய 21.1 கிலோமீட்டரும் சரியாகிவிடும். இதற்கெல்லாம் முன்பாக 1.9 கிலோமீட்டர் நீந்தியிருக்க வேண்டும். கடலே இல்லாத மாவட்டத்தில் அதற்கு மட்டும் உதாரணம் கிடைக்காது. கிணற்றில் குதித்துக் கும்மாளம் போட்டுப் பழகிய நீச்சல், முக்கால் மணி நேரம் ஒரே சீராகக் கை வீசுவதற்கு உதவாது.

மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3, பெயர் அதிலிருந்து வந்தது. எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்தியாவில் இந்தப் போட்டி 2019 அக்டோபரில் கோவாவில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே கொழும்புக்கு வந்துவிட்டது. 2024இல் கோவாவில் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தார் என்று செய்தி வந்தது. கெடு முடிய இரண்டரை நிமிடம்கூட மிச்சமில்லை.

ஒலிம்பிக் தூரம் என்று இதைவிடச் சிறிய போட்டி ஒன்று உண்டு: நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. அதைச் சிரித்த முகத்தோடு முடித்தவர், ‘இது அதில் இரண்டு மடங்கு, அவ்வளவுதானே’ என்று பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார். கடைசிப் பத்து கிலோமீட்டரை நடந்து கடக்கிறார். பயிற்சி போதவில்லை, மன உறுதி போதவில்லை என்று ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

பெரும்பாலும் அந்தத் திட்டு தப்பான இடத்தில் விழுகிறது. 2012, 2016 என்று இரண்டு ஒலிம்பிக்கில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் அலிஸ்டர் பிரௌன்லீ, 2019இல் ஹவாய் தீவின் கோனாவில் நடக்கும் முழு நீள அயர்ன்மேன் உலகப் போட்டியில் முதல் முறையாக இறங்கினார். 21ஆவதாக வந்தார். மன உறுதி குறைந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தூரம் கூடும்போது விளையாட்டே வேறாகிவிடுகிறது.

அந்த வேறுபாட்டின் பெயர் கிளைகோஜன். சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் இந்த வடிவில்தான் சேமிக்கின்றன. சராசரி உடலில் சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது ஏறக்குறைய 2,000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆளுக்கு 21 கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே 1,500 கலோரியை நெருங்கும். அதற்கு முன் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக சைக்கிள் மிதித்ததற்கு அதைவிட அதிகம் போயிருக்கும். கொழுப்பு இருக்கிறதே என்றால், தாராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாக எரிகிற விறகு. வேகமாகப் போகிற உடம்பு கேட்கிற வேகத்தில் அது சக்தி தருவதில்லை. சிறிய போட்டியில் தொட்டி காலியாவதற்குள் முடிவுக்கோடு வந்துவிடும். பெரிய போட்டியில் வராது.

இது தெரிய வந்து நூறாண்டு ஆகிறது. 1924இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தை மருத்துவர் சாமுவேல் லெவினும் அவருடன் இருந்தவர்களும் சோதித்தார்கள். தள்ளாடி வந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு நடுவே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், நிலைமை தேறியது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் வினோதமான காரியம் செய்தார்கள். ஒரே சைக்கிளில் எதிரெதிராக அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சோர்ந்துபோகும் வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு கால்களிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் தீர்ந்திருந்தது, ஓய்விலிருந்த காலில் அப்படியே இருந்தது. மாவுச்சத்து உணவு சாப்பிட்ட அடுத்த சில நாட்களில், மிதித்த கால் மற்றதைப்போல் இரு மடங்கு கிளைகோஜனைச் சேர்த்துவைத்திருந்தது. போட்டிக்கு முந்தைய நாட்களில் வீரர்கள் சோற்றை ஒரு பிடி பிடிப்பதன் பின்னணி இதுதான்.

ஓடிக்கொண்டே சாப்பிட்டால் தீர்ந்தது பிரச்சினை என்று தோன்றும். இங்கேதான் நான்காவது போட்டி தொடங்குகிறது. கடுமையாக உழைக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடுகிறது, குடலுக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. நல்ல நிலையிலுள்ள குடலேகூட ஒரு மணி நேரத்தில் 60 கிராம் அளவு குளுக்கோஸைத்தான் ரத்தத்துக்குள் கடத்தும். அதற்கான வாசல் அவ்வளவு அகலம். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல் இருப்பதால், இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம் என்று காட்டியவர் அஸ்கர் யூகண்ட்ரப்; ஆய்வாளராகவும் அயர்ன்மேன் வீரராகவும் இருப்பவர். 60 கிராம் என்பது பன்னிரண்டு தேக்கரண்டி சர்க்கரை. வெயிலில் ஓடிக்கொண்டே மணிக்கு மணி அதை விழுங்குவது பழக்கமில்லாத வயிற்றுக்குத் தண்டனை. வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, கழிப்பறையைத் தேடும் ஓட்டம் என்று முதல் முறை ஏமாற்றங்களில் பல இங்கே பிறக்கின்றன. (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் சர்க்கரை ஏராளம்தான். ஆனால் அதிலுள்ள கொழுப்பு வயிற்றை நிதானமாகத்தான் காலி செய்ய விடும். அதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.) கால்களைப்போலவே குடலும் பயிற்சிக்குப் பணியும். போட்டியில் சாப்பிடப்போவதையே வாரக்கணக்கில் பயிற்சியிலும் சாப்பிட்டுப் பழக்க வேண்டும்.

வெயில் நமக்குப் புதிதா என்று கேட்கலாம். விருதுநகர் மாவட்டத்து வெயில் காய்ந்த வெயில். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கோவாவிலும் கொழும்பிலும் கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. பயந்துபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் வேறு ஆபத்து: ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படி ஆகியிருந்தது.

சைக்கிளில் ஒளிந்திருக்கிற பொறி இன்னொன்று. காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, காற்றுக்கு மட்டும் 33 சதவீதம் அதிகச் சக்தி. கால்கள் புதிதாக இருக்கும் முதல் மணி நேரத்தில் நாலு பேரை முந்திய சந்தோஷத்துக்கான பில், ஓட்டத்தின் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வருகிறது.

அந்த பில் வந்த காட்சியை உலகமே பார்த்தது 1982 பிப்ரவரியில். உடற்பயிற்சி உடலியல் படித்துக்கொண்டிருந்த 23 வயது ஜூலி மாஸ், தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகக் கோனாவின் முழு நீள அயர்ன்மேனில் இறங்கினார். நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, பிறகு முழு மாரத்தான். பெண்களில் முதலாவதாக ஓடிவந்தவர், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சரிந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் தவழ்ந்து வந்து கோட்டைத் தொட்டபோது 29 விநாடி பிந்தியிருந்தார். ஆய்வு செய்ய வந்தவரே ஆய்வுப் பொருளானார்.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்களில் மார்க் ஆலன் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் அவரது முதல் கோனா முயற்சி, சைக்கிளின் கியர் உடைந்து பாதியில் முடிந்தது. 1984இல் எல்லோருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கியவர், ஓட்டத்தில் நடையாய் நடந்து ஐந்தாவதாக வந்தார். பயிற்சியாளர் ஃபில் மாஃபட்டோன் அவருக்குச் சொன்ன வைத்தியம் அவமானமாகக்கூட இருந்திருக்கும்: இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 155ஐத் தாண்டக்கூடாது, மெதுவாக ஓடு. கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்கும் வழி அது. அந்த வரம்புக்குள் ஆரம்பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர், ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் அதே துடிப்பில் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடினார். 1989இல் போட்டியாளர் டேவ் ஸ்காட்டை 58 விநாடியில் முந்திக் கோனாவை முதன்முறையாக வென்றார். அதன் பிறகு இன்னும் ஐந்து முறை.