கப்பலுக்குக் காவல்



தெருவிலே இருவர் பொருதும்போது அவ்வழியே செல்லும் மூன்றாமவன் என் செய்வான்? சண்டை தீரும்வரை காத்து நிற்கலாம். வேறு வழியாற் சுற்றியும் போகலாம். ஆனால், அவன் வீட்டுக்கு உள்ள வழி அஃதொன்றே எனில், காவலுக்கு ஆள் தேடவே வேண்டும். 1987ஆம் ஆண்டிலே குவைத்து நாடு இந்நிலையில் நின்றது.

பாரசீக வளைகுடாவுக்கு வாயிலாக அமைந்தது ஹோர்மூஸ் நீரிணை. வடகரையில் ஈரான், தென்கரையில் ஓமான். மிக ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 21 கடல் மைல். பெருங்கப்பல்களுக்கெனக் குறித்த பாதையோ இன்னும் ஒடுக்கமானது: போவதற்கு இரண்டு மைல், வருவதற்கு இரண்டு மைல், இடைவெளி இரண்டு மைல். 2022ஆம் ஆண்டில் உலகம் நுகர்ந்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்களவு இவ்வாயிலைக் கடந்தே சென்றது.

1980 இல் ஈராக், ஈரான்மீது படையெடுத்தது. 1984 முதல் ஈரானின் எண்ணெயை ஏற்றுங் கப்பல்களை ஈராக்கிய விமானங்கள் இடைவிடாது தாக்கின. ஈராக்கின் எண்ணெய் பெரும்பாலும் குழாய்வழியே சென்றமையால், ஈரான் பழிவாங்குதற்கு ஈராக்கின் கப்பல்கள் அங்கில்லை. ஆகவே, ஈராக்குக்குத் துணைநின்ற குவைத்து முதலிய நாடுகளின் துறைகளை நாடிச் சென்ற கப்பல்கள் தாக்குண்டன.

குவைத்து வல்லரசுகள் இரண்டையும் அணுகியது. சோவியத்து ஒன்றியம் மூன்று கப்பல்களை வாடகைக்குக் கொடுத்தது. ஐக்கிய அமெரிக்கா, குவைத்தின் 11 எண்ணெய்க் கப்பல்களைத் தன் கொடியின்கீழ்ப் பதிவுசெய்தது. கப்பலின் கொடி வெறுந் துணியன்று. நடுக்கடலில் அக்கப்பல் எந்நாட்டின் சட்டத்துக்கும் காவலுக்கும் உரியது என்பதை அதுவே காட்டும். கொடி மாறவே, அமெரிக்கக் கடற்படை உடன்செல்லும் உரிமையும் கடமையும் பெற்றது.

1987 யூலையில் முதற்றொடர் புறப்பட்டு, நீரிணையை இடரின்றிக் கடந்தது. யூலை 24ஆம் நாள், வளைகுடாவின் உட்பகுதியில், பார்சித் தீவுக்கு அருகே, "பிரிட்ஜ்டன்" என்னும் பேரெண்ணெய்க்கப்பல் கண்ணிவெடியில் மோதியது. அதன் பருத்த உடல் அவ்வெடியைத் தாங்கிக்கொண்டது. ஆனால், மெல்லிய உடலையுடைய போர்க்கப்பல்கள் தாங்கமாட்டா. ஆதலால், காக்கவந்த கப்பல்கள், காக்கப்பட வேண்டிய கப்பலின் பின்னே, அது சென்ற தடத்திலேயே ஒதுங்கிச் சென்றன! ஏவுகணைக் காலத்துப் படையை மறித்தது, 1908ஆம் ஆண்டு ரசிய மாதிரியில் அமைந்த ஒரு கண்ணி.

காவல் என்பது பீரங்கி மட்டுமன்று என்பது அப்போது தெளிவாயிற்று. உலங்குவானூர்திகளும், காந்தக் கண்ணிகளைத் தூண்டாத மரவுடற் கப்பல்களும் வரவழைக்கப்பட்டன. பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து ஆகியனவும் கண்ணி அகற்றுங் கப்பல்களை அனுப்பின. செப்டெம்பர் 21ஆம் நாள் இரவு, ஈரானியக் கப்பலொன்று கண்ணி இடுகையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது.

ஆயினும், காவலன் வழக்கிலே ஒரு கட்சியாகிவிட்டான். 1988 ஏப்பிரல் 14 இல் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று கண்ணியில் மோதியது. நான்காம் நாள் அமெரிக்கரும் ஈரானியரும் கடலிலே நேருக்குநேர் பொருதனர். யூலை 3ஆம் நாள் "வின்சென்ஸ்" என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த ஈரானியப் பயணிகள் விமானத்தைப் போர்விமானமென மயங்கிச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 290 பேரும் மாண்டனர். அவர்களுக்கும் எண்ணெய் வாணிகத்துக்கும் யாது தொடர்பு?

கொடியின் நிழலும் எல்லோர்க்கும் கிட்டவில்லை. 1988 ஏப்பிரல் இறுதிவரை, அமெரிக்கக் கொடி ஏந்தாத கப்பல்கள் தாக்குண்டபோது உதவுதல் அப்படையின் கடமையாக இருக்கவில்லை. அக்கப்பல்களில் உழைத்த மாலுமிகள் பலர் தமக்குத் தொடர்பில்லாத போரிலே உயிர்நீத்தனர்.

1988 ஓகஸ்ட் 20 இல் போர்நிறுத்தம் வந்தது. அதன்பின்னரே கப்பல்கள் அச்சமின்றிச் சென்றன. காவலால் வாணிகம் நின்றுவிடாமற் காக்கப்பட்டது. அதை மறுத்தல் நன்றன்று. ஆனால், காவல் ஒரு கப்பலைத் துறை சேர்க்கும். கடலைத் திறந்து வைத்திருப்பது உடன்பாடு ஒன்றே. நம் வீட்டு அடுப்பெரிக்கும் எண்ணெய் எத்தனை பேரின் துணிவைக் கடந்து வருகின்றது என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.