பார்த்தலும் ஆறுதலும்: இயற்கை ஒளிப்படக்கலையில் விழிப்புக்கவனம் – புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இயற்கையை ஒளிப்படம் எடுப்பது மனத்தை ஆற்றும் என்னும் கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. ஆயின் ஒளிப்படக்கருவி கவனத்தைக் கூர்மையாக்குவது போலவே அதனைச் சிதைக்கவும் வல்லது என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்நிலையில் இப்பயிற்சி ஆறுதல் தரும், எந்நிலையில் தவறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பியம் கூறும் மருட்கை என்னும் மெய்ப்பாடு, சித்தன்னவாசல் சமணக் குன்றின் சான்றுகள், மா. கிருஷ்ணனின் இயற்கைப் பதிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு, படம் எடுப்பதற்கு முந்தைய காத்திருப்பே ஆறுதலின் முதன்மையான ஊற்று என்னும் கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கை ஒளிப்படம், விழிப்புக்கவனம், மருட்கை, சித்தன்னவாசல், மா. கிருஷ்ணன், மனஆறுதல்.

முன்னுரை

நிலத்தையும் உணர்வையும் பிரிக்காமல் காண்பது தமிழ்க் கவிதையியலின் அடிப்படை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மரமும் புள்ளும் விலங்கும் நீரும் கருப்பொருள். அங்கு நிகழும் அகவுணர்வு உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பனவாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இம்மரபில் வந்த ஒரு சமூகத்துக்கு, இயற்கையைக் கூர்ந்து நோக்குவதால் மனம் அமைதியுறும் என்னும் செய்தி புதியதன்று. கையில் ஒளிப்படக்கருவி இருக்கும்போதும் அந்நோக்கு நிலைக்குமா என்பதே புதிய வினா. அவ்வினாவைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலத்தோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழிப்புக்கவனம்: கருத்து விளக்கம்

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் உளநிலை இக்கட்டுரையில் ‘விழிப்புக்கவனம்’ எனச் சுட்டப்படுகிறது. நிகழ்கின்ற கணத்தின்மீது, வேண்டுமென்றே, நன்று தீது என்னும் தீர்ப்பின்றிக் கவனத்தை நிறுத்துவதே அதன் சாரம். பௌத்தத் தியான மரபில் வேர்கொண்ட இப்பயிற்சியை ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் எட்டு வாரப் பயிற்சித் திட்டமாக வடிவமைத்தார். நாட்பட்ட வலியாலும் மனஅழுத்தத்தாலும் வருந்திய நோயாளிகளுக்காக அது தொடங்கப்பட்டது. அங்கு மூச்சும் உடலுணர்வும் கவனத்தின் பற்றுக்கோடுகளாக அமைந்தன. இயற்கை ஒளிப்படக்கலையில் அப்பற்றுக்கோடு கண்ணுக்கு எதிரே உள்ள ஓர் உயிராகவோ ஒளியாகவோ அமைகிறது.

கவன மீட்பும் மருட்கையும்

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ஆகிய உளவியலறிஞர்கள் 1989இல் வெளியிட்ட நூலில் ‘கவன மீட்புக் கோட்பாட்டை’ விரிவாக விளக்கினர். படித்தல், கணக்கிடுதல், வண்டியோட்டுதல் போன்ற செயல்களுக்கு முயன்று செலுத்தும் கவனம் தேவை. அது நெடுநேரம் பயன்படுத்தப்படும்போது தளர்கிறது. அசையும் இலை, ஓடும் நீர், நகரும் மேகம் ஆகியனவோ மனத்தை வருத்தாமல் மெல்ல ஈர்ப்பன. அவ்வீர்ப்பின்போது தளர்ந்த கவனம் ஓய்வுபெற்று மீள்கிறது என்பது அக்கோட்பாடு. ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் இல்லம் திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

கப்லான் இணையர் ‘மென்மையான ஈர்ப்பு’ எனக் குறித்ததைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் மருட்கையோடு ஒப்புநோக்கலாம். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகத் தோன்றுவது. முன்பு காணாதது புதுமை, அளவிற் பெரியது பெருமை, நுண்ணியது சிறுமை, ஒன்று பிறிதொன்றாகத் திரிவது ஆக்கம். இயற்கை ஒளிப்படக்கலையின் வகைமைகள் இந்நான்கனுள் எளிதில் அடங்குகின்றன. வலசைவந்த பறவையின் படம் புதுமையையும், குன்றும் வானும் நிறைந்த நிலக்காட்சி பெருமையையும், எறும்பையும் பூந்தாதையும் காட்டும் அண்மைப்படம் சிறுமையையும், ஒரே இடத்தைப் பருவந்தோறும் பதியும் தொடர்படம் ஆக்கத்தையும் சார்ந்தவை. ஒளிப்படக்கலைஞன் தேடுவது அழகு மட்டுமன்று, வியப்பின் ஊற்றும் ஆகும் என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

கருவி கவனத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

இவ்வியப்பைக் கருவி எப்போதும் வளர்க்கும் எனக் கொள்ள இயலாது. லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், பொருள்களை வெறுமனே கண்டவர்களைவிட அவற்றைப் படமெடுத்தவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். நினைவின் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்தபின் மனம் விலகிவிடுகிறது என இதனை விளக்கலாம். எனினும் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை அணுக்கமாக்கிப் படமெடுத்தவர்களிடம் இக்குறைபாடு காணப்படவில்லை. நோக்கு ஊன்றியவிடத்து நினைவு நிலைத்தது.

டீல், சாபர்மன், பராஷ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. படமெடுத்தல் மக்களை அனுபவத்தில் ஆழ்த்தி, இனிய அனுபவத்தை மேலும் இனிதாக்கியது. துன்பக் காட்சியாயின் அதன் துன்பத்தையும் மிகுவித்தது. அவ்வாய்வாளர்களே 2018இல் மற்றோர் உண்மையைச் சுட்டினர். பிறரிடம் பகிரும் நோக்குடன் படமெடுப்போர், தமக்கென எடுப்போரைவிடக் குறைவான இன்பமே அடைகின்றனர். தம்மைப் பிறர் எவ்வாறு மதிப்பர் என்னும் எண்ணம் இடையில் நுழைவதே அதன் காரணம்.

இவ்வாய்வுகளைச் சேர்த்து நோக்கும்போது, கருவி நடுநிலையானது என்பதும், அதனை ஏந்துவோரின் நோக்கமே பயனை முடிவுசெய்கிறது என்பதும் புலனாகின்றன. விரைந்து திரட்டும் நோக்கம் கவனத்தைச் சிதைக்கிறது; ஊன்றி நிற்கும் நோக்கம் அதனை வளர்க்கிறது.

சித்தன்னவாசல்: நோக்குதலின் குன்று

ஊன்றி நிற்கும் நோக்குக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பழமையான சான்று உண்டு. புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளத்தில், சமணத் துறவியர்க்கென வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டு காணப்படுகிறது. கீழே பரந்த சமவெளியும் மேலே திறந்த வானும் சூழ்ந்த அத்தளம், உடலை அடக்கி உள்ளத்தை நிறுத்தும் பயிற்சிக்கென அமைந்த இடமாகும்.

அதே குன்றின் மேற்குப் புறத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைக்குளம் புகழ்பெற்றது. மொட்டும் மலரும் இலையுமாகத் தாமரைகள். அவற்றினிடையே மீன்களும் நீர்ப்பறவைகளும். நீரில் இறங்கிய யானைகளும் எருமைகளும். மலர் கொய்யும் மனிதர். சமண சமயத்தின் சமவசரணக் காட்சியைச் சார்ந்ததாக அறிஞர்கள் இதனை விளக்குவர். சமயப் பொருள் எதுவாயினும், நீர்நிலையை நெடுநாள் கூர்ந்து நோக்கிய கண்ணொன்று இவ்வோவியத்தின் பின்னுள்ளது என்பதில் ஐயமில்லை. தாமரையிலையின் மடிப்பும் மலரின் பல்வேறு விரிநிலைகளும் நோக்கிப் பழகியவர்க்கே கைவருவன.

ஓர் இயற்கைக் காட்சி பதிவாகும் முன் ஒரு நீண்ட நோக்கு நிகழவேண்டும் என்பதை இக்குன்று உணர்த்துகிறது. சமண ஒழுக்கத்தின் இரு கூறுகள் இதனோடு பொருந்துவன. ஒன்று, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடத்தல். மற்றொன்று, இல்லறத்தாரும் மேற்கொள்ளும் சாமாயிகம். அதாவது 48 நிமிடம், இரண்டு நாழிகை, விருப்பு வெறுப்பின்றிச் சமநிலையில் அமர்ந்திருத்தல். முன்னது ஒளிப்படக்கலைஞனின் அறத்துக்கும் பின்னது அவனது பொறுமைக்கும் அளவுகோலாகத் தக்கவை.

மா. கிருஷ்ணன்: அருகிலிருப்பதை நோக்குதல்

அறமும் பொறுமையும் இணைந்த நோக்குக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழகம் தந்த எடுத்துக்காட்டு மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் எழுத்தாளர், ஓவியர், ஒளிப்படக்கலைஞர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் மறையும்வரை இயற்கை குறித்த தொடர்பத்தியை எழுதினார். பல்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கருப்பு வெள்ளையிலேயே பெரும்பாலும் படமெடுத்தார். யானைகளை நோக்கிய அதே அக்கறையுடன் காக்கை, அணில், ஓணான் போன்ற அன்றாட உயிர்களையும் நோக்கி எழுதினார்.

மனஆறுதல் என்னும் பெயரால் கிருஷ்ணன் எதையும் பரப்பவில்லை. எனினும் அவரது பணி உணர்த்தும் செய்தி இத்துறைக்கு இன்றியமையாதது. நோக்கத்தக்கது தொலைவிலுள்ள காட்டில் மட்டும் இல்லை. வீட்டு முற்றத்திலும் உண்டு. விலையுயர்ந்த கருவியோ நெடும்பயணமோ இயலாத மாணவர்க்கும் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் இப்பயிற்சி எட்டக்கூடியதே என்பது இதனால் பெறப்படுகிறது.

கண்மாய்க் கரையில் ஒரு பயிற்சி

புதுக்கோட்டை மழையை நம்பிய மாவட்டம். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும் கண்மாய்களும் ஊருணிகளும் அதன் முகம். இக்கண்மாய்க் கரைகளில் எளிதில் காணத்தக்க மடையான் என்னும் குளக்கொக்கு, பயிற்சியைத் தொடங்குவோர்க்கு உகந்த ஆசான். அசையாது நிற்கும்போது அதன் பழுப்பு உடல் சேற்றோடும் நாணலோடும் கலந்து மறைகிறது. அஞ்சிப் பறக்கும்போது மட்டும் வெண்சிறகு விரிகிறது. விரைந்து செல்வோர்க்குக் கிட்டுவது அகன்று செல்லும் வெண்மை மட்டுமே. அமர்ந்து காத்திருப்போர்க்கே மடையானின் கழுத்துக் கோடுகளும், நீரைக் குத்துமுன் உடல் முழுதும் ஒடுங்கும் அந்தக் கணமும் தெரியவரும்.

பயிற்சியை மூன்று படிகளாக வகுக்கலாம். முதற்படி இருத்தல்: கருவியை உறையிலிட்டு, ஒலியையும் காற்றையும் ஒளியின் திசையையும் மட்டும் கவனித்தல். தலைவன் வரவு நோக்கி ஆற்றியிருத்தலை முல்லையின் உரிப்பொருளாகக் கொண்ட மரபில், காத்திருத்தல் வெறுமையன்று, அதுவே ஓர் உணர்வுநிலை. இரண்டாம் படி தேர்தல்: காண்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மூச்சு அமைந்தபின் ஒரே ஒரு படம் எடுத்தல். மூன்றாம் படி விடுதல்: எடுத்த படத்தை உடனே திரையில் சரிபாராமலும் பகிராமலும் மீண்டும் உயிரை நோக்குதல். பகிரும் எண்ணம் இன்பத்தைக் குறைக்கும் என்னும் ஆய்வு முடிவு இம்மூன்றாம் படிக்கு வலுவூட்டுகிறது.

இங்கு அறம் தனியே ஒட்டவைக்கும் விதியன்று. ஆட்காட்டிக் குருவி திறந்த நிலத்தில் சிறு கற்களுக்கிடையே முட்டையிடும். மனிதர் நெருங்கின் ஓயாது கத்தும். அக்கதறலுக்கிடையே எடுத்த படம் தெளிவாக இருக்கலாம். ஆயின் எடுத்தவர் அவ்வுயிரின் அச்சத்தைக் கவனிக்கத் தவறினார். கவனம் தவறிய இடத்தில் விழிப்புக்கவனம் இல்லை.

இழப்பும் ஆக்கமும்

ஆறுதல் என்பது இன்பக் காட்சிகளுக்கு மட்டும் உரியதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்திலும் பேரழிவை விளைத்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய பகுதிகளில் பல்லாண்டு வளர்த்த தென்னையும் பலாவும் ஓரிரவில் சாய்ந்தன. அது வருவாய் இழப்பு மட்டுமன்று. நிழலும் வழியடையாளமும் குடும்ப நினைவும் அம்மரங்களோடு வீழ்ந்தன. சொந்த நிலத்தில் இருந்துகொண்டே அந்நிலம் மாறிப்போனதால் உண்டாகும் துயரை ஆஸ்திரேலியச் சிந்தனையாளர் கிளென் ஆல்பிரெக்ட் ‘சோலஸ்டால்ஜியா’ எனப் பெயரிட்டார். சுரங்கத்தால் உருமாறிய ஹண்டர் பள்ளத்தாக்கு மக்களின் வேதனையிலிருந்து உருவான சொல் அது. நெய்தலின் உரிப்பொருளான இரங்கல், ஊர்விட்டுப் போகாதவர்க்கும் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

துன்பக் காட்சியைப் படமெடுத்தல் துன்பத்தை மிகுவிக்கலாம் என்னும் முற்கூறிய ஆய்வு முடிவு இங்கு எச்சரிக்கையாகிறது. வீழ்ந்த மரத்தையே மீளமீளப் பதிதல் ஆறுதலாகாது. அதே இடத்தில், அதே கோணத்தில், மாதந்தோறும் ஒரு படம் எடுத்தல் வேறு வகையானது. புல் மூடுதல், பறவை இட்ட விதை முளைத்தல், நட்ட கன்று கீற்று விடுதல் என ஆக்கத்தின் அடியாகப் பிறக்கும் மருட்கைக்கு அது வழிவகுக்கும். இழந்தது மீளாது, எனினும் நிலம் நின்றுவிடவில்லை என்பதைத் தன் கண்ணால் காண்பது துயருக்கு ஓர் ஓட்டம் தருகிறது. நாள்தோறும் ஒரு படமெடுக்கும் பழக்கத்தை ஆராய்ந்து லிஸ் பிரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரை, அப்பழக்கத்தைத் தன்னைப் பேணிக்கொள்ளும் செயலாக விளக்குவதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

வரையறை

இப்பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றன்று. கடுமையான மனச்சோர்வுக்கும் பேரதிர்ச்சிக்கும் உளமருத்துவரின் துணை வேண்டும். ஒளிப்படப் பயிற்சி அதற்குத் துணைநிற்கலாம். மேலும், இங்குச் சுட்டிய உளவியல் ஆய்வுகள் மேலை நாடுகளில் நிகழ்ந்தவை. அவற்றின் முடிவுகளைத் தமிழ்ச் சூழலில் கண்மாய்க் கரைகளிலும் கல்லூரி வளாகங்களிலும் சோதித்தறிவது தமிழியலும் உளவியலும் இணைந்து செய்யவேண்டிய பணியாகும்.

முடிவுரை

ஒளிப்படக்கருவி தானே ஆற்றுவதுமில்லை, தானே கெடுப்பதுமில்லை. இருத்தல், தேர்தல், விடுதல் என்னும் ஒழுங்கில் அமையும்போது அது விழிப்புக்கவனத்தின் கருவியாகிறது. திரட்டலும் காட்டலும் நோக்கமாகும்போது கவனத்தின் பகையாகிறது. ஆறுதலின் பெரும்பகுதி ஷட்டர் அழுத்தப்படும் முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. மருட்கையை நான்காக வகுத்த இலக்கண மரபும், கற்படுக்கையையும் தாமரைக்குளத்தையும் ஒரே குன்றில் கொண்ட சித்தன்னவாசலும், முற்றத்து அணிலையும் பொருட்படுத்திய மா. கிருஷ்ணனின் நோக்கும் இவ்வுண்மைக்கு வெவ்வேறு காலங்களின் சான்றுகள். ஒரு படமும் எடுக்காமல் மடையானோடு இரண்டு நாழிகை இருந்து திரும்பும் நாளும் இப்பயிற்சியில் நிறைவான நாளே.