எலும்பு முறிந்தது, பழுதானது சிறுநீரகம்

ஜின்சு ஆற்றங்கரை

ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்று நீர் பாயும் ஊர்களில், நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு முதலில் இடுப்பும் முதுகும் வலித்தன. சில ஆண்டுகளில் நடை தள்ளாடியது. கடைசியில் இருமினாலே எலும்பு முறிகிற நிலை. வலி பொறுக்காமல் அவர்கள் கதறிய ‘இத்தாய், இத்தாய்’ (வலிக்குது, வலிக்குது) என்ற சொல்லே நோய்க்குப் பெயராகிவிட்டது.

கிருமி என்றார்கள், சத்துக்குறைவு என்றார்கள், ஓயாத வயல்வேலை என்றார்கள். உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹகினோ, நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துப் பார்த்தார். ஜின்சு நீரில் விளையும் வயல்களை ஒட்டியே புள்ளிகள் விழுந்தன. ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா சுரங்கம் இருந்தது. அங்கே வெட்டியது துத்தநாகமும் காரீயமும். துத்தநாகத் தாதுவில் காட்மியம் என்ற உலோகமும் கூடவே இருக்கும். சுரங்கக் கழிவோடு அது ஆற்றில் கலந்தது. அங்கிருந்து வயலுக்கும் அரிசிக்கும் போனது. 1968-இல் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று அறிவித்தது. அந்நாட்டில் அப்படி அரசே ஒப்புக்கொண்ட முதல் நோய் இதுதான். சுரங்க நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1971-இலும், மேல்முறையீட்டில் 1972-இலும் மக்கள் வென்றார்கள்.

கேள்விப்பட்டவர்கள் பலரும் இதை எலும்பு நோய் என்றே நினைத்திருக்கிறார்கள். எலும்பு கடைசியில்தான் உடைந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெட்டுப்போயிருந்தது சிறுநீரகம்.

வேண்டியதை எடுத்துவைக்கும் உறுப்பு

ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கின்றன. வெளியே போகும் சிறுநீரோ இரண்டு லிட்டர்கூட இருக்காது. மற்றதெல்லாம் உள்ளே திரும்பிவிடுகிறது. போகிக்கு வீட்டுச் சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி உள்ளே கொண்டுபோவோமே, ஏறத்தாழ அதே முறைதான். சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலம், சிறிய புரதங்கள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுப்பவை சிறுநீரகத்தின் நுண்குழல் செல்கள்.

காட்மியம் ஏமாற்றுவது இங்கேதான். கல்லீரல் ஒரு சிறு புரதத்தைச் சுரந்து காட்மியத்தை அதற்குள் கட்டிப்போடுகிறது. அந்தப் புரதம் வடிந்து வரும்போது, நல்ல சரக்கு என்று நுண்குழல் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. புரதத்தை அது உடைக்கிறது. காட்மியம் அங்கேயே தங்கிவிடுகிறது. தங்கியதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அதற்குள் புதிது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் செல்கள் சாகத் தொடங்கும். பொறுக்கி எடுக்க வேண்டிய பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரில் ஒழுகும். வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெற்ற வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலை என்பதால் அதுவும் தடைப்படும். தொயாமா பெண்களின் எலும்பு மெலிந்தது இப்படித்தான்.

அரசு நோயாளிகளாக ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 200 பேர். எலும்பு வரை நோய் போனவர்களுக்குத்தான் அந்தப் பட்டியலில் இடம். சிறுநீரகம் மட்டும் கெட்டவர்கள் வெளியே நின்றார்கள். 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் நிறுவனம் அவர்களுக்குத் தலா 6 லட்சம் யென் தர ஒப்புக்கொண்டது. எலும்பு முறிந்தால் ஊருக்குத் தெரியும், நுண்குழல் ஒழுகினால் யாருக்குத் தெரியும் என்ற கணக்கு போலும். மாசுபட்ட வயல்மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012 வரை நீண்டது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

உடலில் இரும்புச்சத்து குறைந்தால், கிடைத்ததை விடக்கூடாது என்று குடல் அதிகமாக உறிஞ்சும். இரும்பு நுழையும் அதே வாசல் வழியாகக் காட்மியமும் நுழையும். பிள்ளை பெற்றுப் பெற்று ரத்தம் வற்றியிருந்த தொயாமா விவசாயக் குடும்பத்துப் பெண்களை நோய் அதிகம் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கிற நம் நாட்டில் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கீரையிலும் அரிசியிலும் சிறிதளவு காட்மியம் இருக்கிறதே என்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பது தலைகீழ் வைத்தியம். ரத்தசோகையைச் சரிசெய்வதுதான் பாதுகாப்பு.

புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும். குடலைவிட நுரையீரல் அதைப் பன்மடங்கு தாராளமாக உள்ளே விடும். பீடி, சிகரெட் பிடிப்பவர் உடலில் காட்மியம் கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘கேடிஎம் நகை’ என்று விளம்பரங்களில் கேட்டிருப்போம். தங்கத்தைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடி சேர்த்ததால் வந்த பெயர் அது. நகையைப் போட்டுக்கொள்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. பட்டறையில் ஊதுகுழாய் முன் குனிந்து அந்தப் புகையைச் சுவாசித்த ஆசாரிக்குத்தான் ஆபத்து. இப்போது பெரும்பாலும் காட்மியத்துக்குப் பதில் துத்தநாகம் வந்துவிட்டது.

முகத்தில் பூசும் பாதரசம்

பாதரசம் வேறு விதமாகத் தாக்குகிறது. அது சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வையே பழுதாக்குவதுண்டு. சிறுநீரில் புரதம் கொட்டும், கால், முகம் வீங்கும், சிறுநீர் நுரைக்கும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இப்படிச் சவ்வு தடித்த நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது பாதரசத்தோடு தொடர்புள்ள ஒரு தனி வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். முகப்பூச்சில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் வரும் டப்பாவுக்கு அந்த விதி தெரியாது.

இதே வகை நோயைச் சென்னை நிபுணர்கள் மரபு மருந்து சாப்பிட்ட சிலரிடமும் கண்டு 2022-இல் எழுதினார்கள். சித்த மருத்துவத்தில் பாதரசம் சேர்ந்த மருந்துகளுக்குச் சுத்திமுறை, அளவு, பத்தியம் எல்லாம் உண்டு. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் எது கடைப்பிடிக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? ஓர் ஆறுதல்: பாதரசத்தை நிறுத்தினால் இந்த நோய் பலருக்கும் குறைந்துவிடுகிறது. காட்மியத்திடம் அந்தக் கருணை கிடையாது.

காரீயம்

காரீயம் எலும்பில் ஒளிந்துகொள்ளும். கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் எலும்பு கரையும்போது ரத்தத்துக்குத் திரும்பும். நாள்பட்டால் ரத்தக் கொதிப்பு, யூரிக் அமிலம் கூடி மூட்டுவீக்கம், மெல்லச் சுருங்கும் சிறுநீரகம். பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், பழைய பெயின்ட், சில வகைக் கண்மை ஆகியவை இதன் வழிகள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்துவிடும். நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

எந்தப் பரிசோதனை?

கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்துவிட முடியாது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அது ஏறும். ஆய்வுக்கூடப் பட்டையை நனைத்துப் பார்க்கும் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை ஆல்புமினைக் கண்டுபிடிக்கும். நுண்குழல் பழுதில் முதலில் ஒழுகும் சிறு புரதங்களைப் பெரும்பாலும் தவறவிடும். அதற்குப் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற தனிப் பரிசோதனை வேண்டும். உடலில் சேர்ந்த காட்மியத்தைச் சிறுநீரிலும், காரீயத்தை ரத்தத்திலும் அளக்கலாம். எல்லோருக்கும் இவை தேவையில்லை; யாருக்குத் தேவை என்பதை அவர் செய்யும் வேலையும் பயன்படுத்தும் பொருட்களும்தான் சொல்லும்.

நச்சு நீக்கும் பானம், பொடி என்று விற்கப்படுபவை எதுவும் சிறுநீரகத்தில் படிந்த காட்மியத்தைக் கரைத்துக் கொண்டுவராது. காரீய நச்சுக்கு மருந்து உண்டு. அதை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும்.

வெளிநோயாளிச் சீட்டில் வயதுக்கும் எடைக்கும் இடம் இருக்கும். செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் இருக்காது. நாமாகத்தான் சொல்ல வேண்டும்: எந்தப் பட்டறை, எத்தனை வருடம், என்ன கிரீம், யாரிடம் வாங்கிய செந்தூரம். டப்பா வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது.