கடைசி அடுக்கில் கிடைத்த நூல்

உயர்நிலை 1ல் மழைக்கு ஒதுங்கத்தான் பள்ளி நூலகத்திற்குள் நுழைந்தேன். கடைசி அடுக்கில் சில தமிழ் நூல்கள் இருந்தன. சிங்கப்பூர் எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். அதன் இரவல் தாளில் கடைசி முத்திரை, நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு!

கதைகள் தேக்காவிலும் அடுக்குமாடி வீடுகளிலும் நடந்தன. பாத்திரங்கள் என் பாட்டியைப்போல் பேசினார்கள். தேர்வுக்காகப் படித்த தமிழ், அன்று என் வீட்டுத் தமிழானது.

அடுத்த ஆண்டு அந்நூல் அங்கில்லை. அதிகம் இரவல் பெறாத நூல்களை அகற்றிவிட்டார்களாம். வருத்தமாக இருந்தது. ஆனால், நானும் அதைப் பற்றி ஒரு தோழியிடம்கூடச் சொல்லவில்லையே!

1965 முதல் 50 ஆண்டுகளில் வெளியான பல சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகள் 2015ல் மின்னிலக்க வடிவம் பெற்றன. பல்கலைக்கழகம் வந்தபின், தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்தில் அந்நூலை மீண்டும் கண்டேன். தலைப்பு நினைவில் இருந்ததால் தேட முடிந்தது. முதன்முறை கண்ணில் பட, அந்த அடுக்குதான் தேவைப்பட்டது.

உங்கள் பள்ளி நூலகத்திலும் அப்படியோர் அடுக்கு இருக்கலாம். இந்த வாரம் ஒரு நூலை இரவல் பெறுங்கள். படித்ததும், அதைப் பற்றி ஒருவரிடமாவது சொல்லுங்கள்.